அரை நிமிட வாயிலும் ஓராண்டுக் கடவுச்சீட்டும்

2025 செப்டம்பர் 11 அன்று திருச்சிராப்பள்ளி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்து விமான நிலையங்களில் தானியங்கிக் குடியேற்றச் சோதனை வாயில்களை ஒன்றிய உள்துறை அமைச்சர் தொடங்கிவைத்தார். 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் முதலில் அறிமுகமாகி, 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கு விரிவாக்கப்பட்ட திட்டம் இது. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போரும் இணையத்தில் விண்ணப்பித்து, ஆவணங்களைப் பதிவேற்றி, விரல்ரேகையையும் முகப்படத்தையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அதிகாரியின் முன்னால் நிற்கத் தேவையில்லை. கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைக்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், கதவு திறக்கும். முப்பது நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும் என்கிறது அரசு.

திட்டத்தின் பெயரில் ஒரு சொல் இருக்கிறது. 'நம்பகமான பயணி' திட்டம். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இயந்திரம் என்றாலே ஐயத்தோடு பார்ப்பவர்கள் அல்லர் நாம். மனிதர்கள் வாயிலில் நின்று கேட்கும் கேள்விகளின் சுமையை நம்மைவிட அறிந்தவர்கள் குறைவு. 'எந்த ஊர்?' என்று தொடங்கி 'ஊரில் எந்தத் தெரு?' என்று முடியும் விசாரணையின் பொருள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளுக்குக் கொடுத்த தலைப்பே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பதுதான். 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களிடம் நிலைய அதிகாரி கனிவாகத்தான் பேச்சைத் தொடங்கினார். மகர் என்ற விடை கிடைத்ததும் அவர் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகே பயணம் நடந்தது. எவரையும் அப்படிக் கேட்காத, கேட்கத் தெரியாத ஒரு கதவு திறக்கிறது என்றால், அதை வரவேற்கும் முதல் கைதட்டல் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் கதவு திறப்பது கதவின் முன்னால் முடிவாவதில்லை. யார் அங்கே வந்து நிற்கலாம் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே, சில வேளைகளில் பல ஆண்டுகளுக்கு முன்பே, வேறு அலுவலகங்கள் முடிவுசெய்துவிடுகின்றன. காவல் நிலையம் அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடம் இன்னொன்று.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவரின் வழக்கைச் சொன்னால் இது விளங்கும். டெல்டா மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளியாக ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, கோயில் திருவிழாவில் சேரி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அவருடைய தம்பியின் தலையில் தையல் போட வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து எதிர்த்தரப்பிலிருந்து ஒரு புகார் வந்தது. கொலைமிரட்டல், ஆபாசமாகத் திட்டுதல், சட்டவிரோதமாகக் கூடுதல் எனப் பிரிவுகள் அடுக்கப்பட்டு, சம்பவ நேரத்தில் மருத்துவமனையில் தம்பியோடு இருந்த இவரும் அதில் ஐந்தாம் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். களத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. வன்கொடுமை வழக்கை வாபஸ் வாங்கவைக்க எதிர்வழக்கைப் போலக் கைகொடுக்கும் கருவி வேறில்லை.

எதிர்வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்துக்கொண்டது. அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாக ஏழு மாதங்கள் இருந்தன. புதுப்பிக்க விண்ணப்பித்தார். காவல்துறைச் சரிபார்ப்பில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று எழுதப்பட்டது. விண்ணப்பம் நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தில் 6(2)(எஃப்) என்றொரு பிரிவு உண்டு. விண்ணப்பதாரர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் தொடர்பாக இந்தியக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்க வேண்டும் என்கிறது அது. 'நீதிமன்றத்தில்' என்ற சொல் இங்கே முக்கியம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருப்பதால் மட்டும் இந்தத் தடை எழாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இதை நம் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு போராட்டத்தில் பெயர் சேர்ந்துவிட்டதென்றால் வாழ்நாள் முழுதும் கடவுச்சீட்டே கிடைக்காது என்று அச்சுறுத்துவோர் உண்டு. அது சரியன்று. வழக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தாலும் வழி இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 25 அன்று வெளியான அறிவிக்கை எண் 570(இ)-இன்படி, வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதித்தால் கடவுச்சீட்டு வழங்கலாம். நீதிமன்றம் கால அளவைக் குறிப்பிட்டால் அந்த அளவுக்கு; குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு.

எங்கள் கட்சிக்காரருக்கு அப்படித்தான் கிடைத்தது. நீதிமன்ற உத்தரவில் கால அளவு இல்லை. ஓராண்டுக் கடவுச்சீட்டு. அதைப் பெறுவதற்குள் நான்கு வாய்தாக்கள், முகவருக்குக் கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதி, ஒரு வேலை ஆகியவை போய்விட்டன.

இப்போது திருச்சி விமான நிலையத்தின் அந்தக் கதவுக்குத் திரும்புவோம். நம்பகமான பயணியாகப் பதிவுசெய்யக் கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதக் காலம் மிச்சம் இருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை செல்லும். இரண்டில் எது முந்தையதோ அது. பத்தாண்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஒருமுறை பதிந்துவிட்டு ஐந்தாண்டு நிம்மதியாகப் போய்வருவார். ஓராண்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கோ முதல் ஆறு மாதங்களுக்குள் பதிந்தால்தான் உண்டு. அப்படிப் பதிந்தாலும், ஒருமுறை ஊருக்கு வந்து திரும்புவதற்குள் கடவுச்சீட்டும் பதிவும் ஒன்றாகச் செத்துப்போகும். விதியில் எங்கும் சாதி இல்லை, வழக்கு என்ற சொல்கூட அந்த வரியில் இல்லை. மாதக் கணக்கு மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்த மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஒரு திருவிழாவுக்கும் ஒரு காவல் நிலைய எழுத்தருக்கும் போய்ச் சேர்கிறோம்.

வெளிநாடு செல்லும் உரிமை சலுகையன்று. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் நிறுத்தியது. அந்த உரிமையைச் சுருக்க நியாயமான, நேர்மையான நடைமுறை வேண்டும் என்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் பிற்காலத்தில் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதை எதிர்த்தரப்புப் புகார் தீர்மானிப்பது அந்த நியாயத்தில் எப்படி அடங்கும்?

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற குறிப்பு அச்சாகும், இ.சி.ஆர். என்று ஊரில் சொல்வது இதைத்தான். சவூதி, குவைத், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது இவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். நோக்கம் பாதுகாப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பதும், பத்து லட்ச ரூபாய் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதும் பலருடைய உயிரையும் ஊதியத்தையும் காத்திருக்கின்றன.

ஆனால் விலக்குகளைப் படித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு விலக்கு, பட்டதாரிக்கு விலக்கு, அரசு ஊழியருக்கு விலக்கு, வருமான வரி கட்டுபவர்க்குப் படிப்பு இல்லாவிட்டாலும் விலக்கு. பள்ளி வாசலை மிதிக்காத நிலவுடைமையாளர் வரிக் கணக்கைக் காட்டினால் அவருக்குப் பாதுகாப்பு தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட கூலித்தொழிலாளியின் ஆவணத்தில் மட்டும் அது அச்சாகும். ஒன்பதாம் வகுப்பில் யார் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெண்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. இ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ள பெண் இந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 30 வயது நிறைந்திருக்க வேண்டும். பாதுகாப்பதற்கான விதி என்கிறார்கள். வறுமை 30 வயது வரை காத்திருப்பதில்லை. சுற்றுலா விசாவில் அனுப்பிவைக்கும் முகவர்கள் இருக்கிறார்கள், அங்கே எந்த ஒப்பந்தமும் காப்பீடும் இராது.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு ஒரு படி மேலே போனது. இ.சி.ஆர். கடவுச்சீட்டுகளுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்தது. மற்றவர்களுக்கு நீலம், படிக்காத தொழிலாளிக்கு ஆரஞ்சு. பத்தடி தூரத்திலிருந்தே இன்னார் என்று தெரிந்துகொள்ளலாம். கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைத்த வரலாறுள்ள நாட்டில், ஒரு மனிதரின் தகுதிநிலையைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக மாற்றுவது எவ்வளவு எளிதாகத் தோன்றியிருக்கிறது பாருங்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் 30ஆம் நாள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நிறம் போய்விட்டது. ஆனால் வரிசை இரண்டாகப் பிரியும்போது அதே வேலை நிறமில்லாமலேயே நடக்கும் என்பதுதான் எங்கள் கவலை. ஒருபக்கம் கண்ணாடிக் கதவுகள், மறுபக்கம் மேசைகள். எல்லோரும் மேசைக்கே சென்ற காலத்தில் மேசை என்பது பொதுவான இடம். 'நம்பகமானவர்கள்' அனைவரும் கதவு வழியே போய்விட்ட பிறகு, மேசைக்கு எதிரே மிஞ்சி நிற்பவர்களை அங்கே இருக்கும் அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பார்?

பெயரில்கூட இந்தச் சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் அச்சாகின்றன, வரிக்கு 44 எழுத்திடங்கள். குடும்பப் பெயர் முதலில், இட்ட பெயர் அடுத்து என்பது அந்த வரியின் உலக அளவிலான ஒழுங்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டுகளைத் துறக்கச் சொன்னது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயரைச் சுமந்து மூன்று தலைமுறைகள் பெருமிதமாக வாழ்ந்தோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள வருகையாளர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. தந்தை பெயர் கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்ததால் ஓரளவு தீர்ந்தது. அமெரிக்க விசாவில் இத்தகையோருக்கு 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கமே பெயராக அச்சாகிறது. சாதியை விட்டவருக்கு அறியப்படாத பெயர், விடாதவருக்கு முழுப்பெயர். இயந்திரத்துக்கு உள்நோக்கம் கிடையாதுதான். அதை வடிவமைத்தவர்களுக்கு நாம் இருப்பது தெரியாது, அவ்வளவே.

உடலைப் பற்றியும் பேச வேண்டும். சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல்களில் ரேகை தேய்ந்துபோகும். ஆதாரில் இதைப் பார்த்துவிட்டோம். 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே ஜார்க்கண்டில் 49 விழுக்காடும் ராஜஸ்தானில் 37 விழுக்காடும் அடையாளச் சரிபார்ப்பு தோற்றதாக மதிப்பீடுகளைச் சுட்டிக்காட்டியது. நியாயவிலைக் கடையில் பாட்டியின் விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கச் சொல்லும் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகத்திலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்திவிடும் பிழை, பல மென்பொருள்களில் வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களுக்குப் பத்து முதல் நூறு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. எல்லா மென்பொருள்களும் அப்படியல்ல. நல்லவற்றில் வேறுபாடு மிகக் குறைவு. அதனால்தான் எந்த மென்பொருள், யாருடைய முகங்களில் சோதிக்கப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. பிரிட்டனில் கடவுச்சீட்டுப் படங்களைச் சரிபார்க்கும் இணையக் கருவி, கறுத்த தோலுள்ள பெண்களின் படங்களில் 22 விழுக்காட்டைக் குறையுள்ளவை என்றது; வெளுத்த பெண்களுக்கு அது 14 விழுக்காடு. 2020இல் பி.பி.சி. இதை வெளிக்கொணர்ந்தது. நம் நாட்டுக் கதவுகள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகின்றன, அவர்கள் என்ன வேலை செய்பவர்கள், என்ன வயதினர் என்ற கணக்கை அரசு பொதுவெளியில் வைக்க வேண்டும். சாதனைக் கணக்கில் முப்பது நொடி இருக்கும்போது தோல்விக் கணக்கும் இருக்கத்தானே வேண்டும்.

கதவு விரைவாகத் திறந்தால் மட்டும் மரியாதை கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. எங்கள் கட்சிக்காரர் வேலை செய்த சிங்கப்பூரில், பணி அனுமதி உள்ள வெளிநாட்டுத் தொழிலாளியும் தானியங்கி வாயிலில் செல்லலாம். சாங்கி விமான நிலையத்தில் கருவிழியையும் முகத்தையும் காட்டிவிட்டு நடந்துபோய்விடுவார். 'அங்கே என்னை யாரும் ஏற இறங்கப் பார்த்ததில்லை சார்' என்று அவர் எங்களிடம் சொன்னார். அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இங்கும் இந்தக் கதவுகள் வேண்டும். ஆனால் அதே நாட்டில் அவருடைய பணி அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 57 தொழிலாளர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் 56 பேர் இந்தியர்கள். உள்ளே விடும் வேகத்திலேயே வெளியே அனுப்பவும் முடியும்.

ஆகவே, கதவை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கதவு மிச்சப்படுத்தும் அதிகாரிகளின் நேரம் எங்கே போகிறது என்று கேட்கிறோம். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் முதல்முறை விமானம் ஏறும் தொழிலாளியின் ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல அந்த நேரம் போகட்டும். இணைய விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். பதிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்; எழுத்தில் வராத காரணத்தை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது. முகத்தையும் விரல்ரேகையையும் எவ்வளவு காலம், யார் வசம் வைத்திருப்பார்கள் என்பதற்கும் தெளிவான விடை தேவை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள 17ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. விரலைக் கொடுக்குமுன் அந்தப் பிரிவை ஒருமுறை படியுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின் அந்த ஓராண்டு விதி மாற வேண்டும். வன்கொடுமைப் புகார் கொடுத்தவர் மீது அதே சம்பவத்துக்காகப் பதிவான எதிர்வழக்கு, கடவுச்சீட்டைக் குறுக்குவதற்கான காரணமாக இருக்கக் கூடாது என்று திருத்தம் கோரலாம். அதுவரை வழக்கறிஞர்கள் செய்ய வேண்டிய சிறிய வேலை ஒன்று உண்டு. வெளிநாடு செல்ல அனுமதி கோரும் மனுவில் 'பத்தாண்டுக் காலத்துக்கு' என்ற சொற்களைச் சேர்த்துக் கேளுங்கள். உத்தரவில் கால அளவு இருக்கிறதா என்று நீதிமன்ற மண்டபத்தை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். அதைப் பார்க்கத் தவறியவர்கள் நாங்கள். எங்கள் கட்சிக்காரர் அதற்கு விலை கொடுத்தார்.

கால அளவை நீட்டக் கோரும் எங்கள் மனு இப்போது அதே நீதிமன்றத்தில் இருக்கிறது. எதிர்வழக்கை ரத்துசெய்யக் கோரும் மனு உயர் நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்டிருக்கிறது. வன்கொடுமை வழக்கில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஓராண்டில் ஐந்து மாதங்கள் போய்விட்டன.